காவலர் குடிசையில் ஒரு கள்வன்

எச்.ஐ.வி. என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருபவை இரத்தம், ஊசி, ஒழுக்கம் ஆகிய மூன்றுதான். நுரையீரல் யாருடைய நினைவுக்கும் வருவதில்லை. ஆனால், இந்நோய் உலகத்துக்குத் தன்னை முதன்முதலில் காட்டிக்கொண்டதே நுரையீரலின் வழியாகத்தான்.

1981ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில் ஒரு சிறு குறிப்பு வெளிவந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஐந்து இளைஞர்கள் ‘நியூமோசிஸ்டிஸ்’ என்னும் பூஞ்சையால் வரும் அரிய வகை நிமோனியாவுக்கு ஆளாகியிருந்தார்கள். அவர்களுள் இருவர் அதற்குள் இறந்தும் போயிருந்தனர். நோய் எதிர்ப்பாற்றல் முற்றாகக் குன்றியவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய அந்த நோய், அதுவரை நலமாக இருந்த இளைஞர்களுக்கு ஏன் வந்தது என்பது மருத்துவர்களுக்குப் புரியவில்லை. ஈராண்டுகள் கழித்து, 1983இல், பாரிசில் உள்ள பாஸ்டர் ஆய்வுக்கழகத்தைச் சேர்ந்த பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லூக் மொந்தாஞ்ஞியே ஆகியோரின் குழு அந்தக் கிருமியைக் கண்டறிந்தது. அதற்காக 2008இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் முதல் நோயாளி கண்டறியப்பட்டது 1986இல்.

இவற்றையெல்லாம் உயிர்மருத்துவ அறிவியல் மாணவன் என்ற முறையில் விரிவுரைக்காக நான் படித்திருக்கிறேன். தேர்வுக்காகப் படிப்பதற்கும் வீட்டுக்காகப் படிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்த்தியவர் என் மாமா. எனக்கு மாமாக்கள் பலர். அவர்களுள் ஒருவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். “பேரும் ஊரும் வேணாம், மத்ததெல்லாம் எழுது. நாலு பேரு படிக்கட்டும்” என்று அவரே சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

ஈராண்டுகளுக்கு முன்பு மாமாவுக்கு வறட்டு இருமல் வந்தது. சளி இல்லை. மூன்று வாரமாகியும் நிற்கவில்லை. அடுக்குமாடி வீட்டின் இரண்டு மாடி ஏறுவதற்குள் மூன்று முறை நின்றார். எடை குறைந்துகொண்டே போனது. கிளினிக்கில் இருமல் மருந்து கொடுத்தார்கள். புகைமூட்டம் காரணமாக இருக்கலாம் என்றார்கள். கடைசியில் ஒரு நாள் இரவு மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1981இல் அந்த ஐந்து இளைஞர்களுக்கு வந்த அதே நிமோனியா. பிறகு இரத்தப் பரிசோதனை. எச்.ஐ.வி. இருப்பது உறுதியானது.

சிகிச்சை முடிந்து மாமா எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். அவருக்கென்று ஒரு தட்டு, ஒரு மங்கு, ஒரு துண்டு தனியாக எடுத்து வைக்கப்பட்டன. யாரும் யாரையும் திட்டவில்லை, அழவில்லை. அந்தத் தட்டு மட்டும் குழாயடியில் தனியே கிடந்தது. பாட்டிதான் வாய் திறந்து கேட்டார். “நோயி நெஞ்சுலதானே இருக்கு? அவன் இருமுனா நமக்கு ஒட்டிக்காதாய்யா?”

அது அறியாமையால் வந்த கேள்வி என்று நான் நினைக்கவில்லை. தோட்டத்து லயத்தில் காசநோயால் மக்கள் மடிந்ததைக் கண்ணால் பார்த்தவர் பாட்டி. நெஞ்சில் நோய், இருமல், பரவல் என்று அவர் போட்ட கணக்கு அனுபவத்தில் பிறந்தது. அதற்குச் சரியான பதில் சொல்ல வேண்டுமானால், எச்.ஐ.வி. கிருமி நுரையீரலுக்குள் என்னதான் செய்கிறது என்பதை முதலில் நானே தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நண்பர்களே, நுரையீரலைப் பற்றிக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். நாள்தோறும் ஏறக்குறைய 10,000 லிட்டர் காற்று அதற்குள் போய் வருகிறது. அந்தக் காற்றோடு தூசி, புகை, பூஞ்சை வித்துகள், நுண்கிருமிகள் யாவும் உள்ளே நுழைகின்றன. மூச்சுக்குழாய் கிளை கிளையாகப் பிரிந்து முடியும் இடத்தில் 30 கோடிக்கும் அதிகமான காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. அவற்றின் சுவர் மிக மெல்லியது. மெல்லியதாக இருந்தால்தான் உயிர்வளி இரத்தத்தில் கலக்க முடியும். ஆகவே, அங்கே கனமான மதில் எழுப்ப வழியில்லை. மதில் இல்லாத ஊருக்குக் காவலர்கள் வேண்டும் அல்லவா?

அந்தக் காவலர்கள்தாம் ‘பெருவிழுங்கிகள்’. ஆங்கிலத்தில் மேக்ரோஃபேஜ் என்பார்கள். 1882இல் இத்தாலியின் மெசினா நகரில், ருஷ்ய அறிஞர் எலி மெச்னிகோவ், கண்ணாடி போன்ற நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் ஒரு முள்ளைக் குத்தி வைத்தார். நகரும் உயிரணுக்கள் அந்த முள்ளைச் சூழ்ந்துகொண்டதை நுண்பெருக்கியில் கண்டார். உடலுக்குள் நுழைந்த அந்நியப் பொருளை விழுங்கிச் செரிக்கும் உயிரணுக்கள் இருக்கின்றன என்ற கருத்து அங்கிருந்துதான் வளர்ந்தது. 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நுரையீரல் நுண்ணறைகளில் இருக்கும் பெருவிழுங்கிகள் அந்த இடத்துக்கே உரியவை. நாம் பிறக்கும் காலத்தை ஒட்டியே அங்குக் குடியேறி, அங்கேயே தம்மைப் புதுப்பித்துக்கொண்டு நீண்ட நாள் வாழ்கின்றன. தூசியை விழுங்குவது, கிருமியை விழுங்குவது, இறந்த உயிரணுக்களை அப்புறப்படுத்துவது எல்லாம் அவற்றின் அன்றாட வேலை. இவற்றைத் தவிர, விழுங்கிய கிருமியின் துண்டுகளைத் தம் மேற்பரப்பில் காட்டி, ‘சி.டி.4’ என்னும் புரதத்தைத் தாங்கிய டி உயிரணுக்களுக்கு எதிரியின் அடையாளத்தையும் தெரிவிக்க வல்லவை. டி உயிரணு தளபதி என்றால் பெருவிழுங்கி காவலர். தளபதி கட்டளை அனுப்பினால்தான் காவலர் முழு வேகத்தோடு போரிடுவார். இருவரும் ஒருவரை ஒருவர் நம்பியே இருக்கிறார்கள்.

எச்.ஐ.வி. இந்த இருவரையும் குறிவைக்கிறது. ‘வேலியே பயிரை மேய்ந்தாற்போல’ என்று நம்மவர்கள் சொல்வார்கள். இங்கே நடப்பது அதைவிட விசித்திரமானது. வேலிக்குள்ளேயே புழு குடியேறுகிறது.

அது எப்படி நுழைகிறது? கிருமியின் மேலுறையில் ஜி.பி.120 என்னும் புரதம் துருத்திக்கொண்டிருக்கும். அது முதலில் உயிரணுவின் சி.டி.4 புரதத்தைப் பற்றிக்கொள்ளும். அதுமட்டும் போதாது. பூட்டுக்கு இரண்டாவது சாவி வேண்டும். சி.சி.ஆர்.5 அல்லது சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்னும் இன்னொரு புரதத்தையும் பற்ற வேண்டும். சி.டி.4-இன் பங்கு 1984இலேயே தெரிந்துவிட்டது. இரண்டாம் சாவியைக் கண்டுபிடிக்க 1996 வரை ஆனது. பெருவிழுங்கியின் மேற்பரப்பில் சி.டி.4 குறைவாகவே இருக்கிறது. ஆனால் சி.சி.ஆர்.5 இருக்கிறது. ஆகவே, குறைந்த சி.டி.4-ஐயும் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்த கிருமி வகைகள் அதற்குள் நுழைந்துவிடுகின்றன.

இன்னொரு வழியும் உண்டு. அதைப் படித்தபோதுதான் எனக்கு மெய்சிலிர்த்தது. கிருமி தொற்றிய டி உயிரணு சாகும் நிலையில் இருக்கும்போது, துப்புரவு வேலையைக் கடமையாகக் கொண்ட பெருவிழுங்கி அதை விழுங்குகிறது. அப்படி விழுங்கும்போது கிருமியும் உள்ளே போய்த் தொற்றிக்கொள்வதை 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வக ஆராய்ச்சி காட்டியது. கடமையைச் செய்வதாலேயே காவலர் அகப்பட்டுக்கொள்கிறார்.

உள்ளே போன கிருமி தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி எழுதி, உயிரணுவின் மரபுப் பொருளுக்குள் செருகிவிடுகிறது. பெருவிழுங்கியும் சும்மா இருப்பதில்லை. டி.என்.ஏ. எழுதத் தேவைப்படும் மூலப்பொருளைக் குறைத்துவிடும் சாம்ஹெச்டி1 என்னும் புரதம் அதனிடம் இருக்கிறது. கிருமியின் பிழைப்பில் மண்ணைப் போடும் இந்தப் புரதத்தின் பங்கு 2011இல் கண்டறியப்பட்டது. பட்டினி போட்டு விரட்டும் உத்தி என்று சொல்லலாம். இதனால் கிருமியின் வேகம் குறைகிறது. ஆனால் முற்றாக நின்றுவிடுவதில்லை.

இங்கேதான் ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. தொற்றிய டி உயிரணு பெரும்பாலும் சில நாள்களில் மடிந்துபோகிறது. பெருவிழுங்கியோ எளிதில் மடிவதில்லை. கிருமி அதற்குள்ளேயே சிறு சிறு அறைகளில் புதிய கிருமிகளை உருவாக்கிச் சேர்த்து வைக்கிறது. இரத்தத்திலும் சளிப்படலத்திலும் சுற்றிவரும் எதிர்ப்புப் புரதங்களுக்கு அந்த அறைகள் எளிதில் எட்டுவதில்லை. காவலர் குடிசைக்குள் கள்வன் பாயை விரித்துப் படுத்திருப்பது போன்ற நிலை இது.

ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் நடைபெற்ற ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. தொண்டர்களின் நுரையீரலுக்குள் உப்புநீரைச் செலுத்தி மீண்டும் உறிஞ்சியெடுத்து, அதில் கிடைத்த பெருவிழுங்கிகளை ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். அவற்றுள் பெரியவை, சிறியவை என இரு வகை இருப்பதையும், எச்.ஐ.வி. சிறியவற்றையே அதிகம் தொற்றியிருப்பதையும், அச்சிறியவற்றின் விழுங்கும் திறன் குன்றியிருப்பதையும் அவர்கள் கண்டார்கள். எல்லாக் காவலர்களும் அகப்படுவதில்லை. ஒரு பகுதியினரே அகப்படுகிறார்கள். ஆயினும் ஊருக்குக் கேடு விளைய அது போதும்.

ஏனென்றால், இன்னொரு பக்கம் தளபதிகள் மடிந்துகொண்டிருக்கிறார்கள். நலமானவரின் இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்குச் சி.டி.4 டி உயிரணுக்கள் 500 முதல் 1,500 வரை இருக்கும். அது 200-க்குக் கீழே போனால் நியூமோசிஸ்டிஸ் தலைதூக்குகிறது. அந்தப் பூஞ்சை எங்கிருந்தோ வந்த அந்நியன் அல்லன். நம்மில் பெரும்பாலோர் சிறுவயதிலேயே அதைச் சந்தித்திருக்கிறோம். நம் காவலர்கள் நமக்குத் தெரியாமலேயே அதை விரட்டியிருக்கிறார்கள். மாமாவின் எண்ணிக்கை அன்று 37. விரட்ட ஆளில்லாத நுண்ணறைகளில் பூஞ்சை நிரம்பியதால்தான் அவரால் இரண்டு மாடி ஏற முடியவில்லை.

காசநோயின் கதை இன்னும் கொடியது. 1882இல் ராபர்ட் கோக் கண்டறிந்த அந்தக் கிருமியும் இதே பெருவிழுங்கிக்குள்தான் வாழ்கிறது. நலமான உடலில் மற்ற உயிரணுக்கள் சுற்றிலும் வளையம் கட்டி அதைச் சிறை வைத்துவிடும். இப்படி உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுமப்பவருக்கு வாழ்நாள் முழுவதிலும் நோய் வெளிப்படும் வாய்ப்பு 5 முதல் 10 விழுக்காடு மட்டுமே. எச்.ஐ.வி.யும் சேர்ந்து, சிகிச்சையும் இல்லாவிட்டால் ஓராண்டுக்கே அந்த வாய்ப்பு ஏறக்குறைய 10 விழுக்காடாகிறது. காசநோயை எதிர்க்க உடல் சுரக்கும் அழற்சிப் பொருள்களே எச்.ஐ.வி.யின் மரபணுக்களைத் தட்டி எழுப்பி, அதன் பெருக்கத்தையும் கூட்டுகின்றன. ஒரு நோய் மற்றொரு நோய்க்குக் கதவைத் திறந்துவிடுகிறது. உலகில் எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரைப் பறிக்கும் நோய்களுள் முதலிடத்தில் இருப்பது இன்றும் காசநோய்தான். நம் நாட்டிலும் ஆண்டுதோறும் 20,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் காசநோய் கண்டறியப்படுகிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இனிப் பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். எச்.ஐ.வி. நுரையீரலுக்கு மூச்சுக்குழாய் வழியாகப் போவதில்லை. இரத்தத்தின் வழியாகவே போகிறது. போன வழியை விட்டு மூச்சோடு வெளியே வந்து அடுத்தவரைத் தொற்றவும் அதனால் முடியாது. இரத்தம், விந்து, பெண்ணுறுப்பு நீர், தாய்ப்பால் ஆகியவற்றின் வழியாக மட்டுமே அது பரவும். இருமல், உமிழ்நீர், வியர்வை, தட்டு, மங்கு, துண்டு, கழிப்பறை எதனாலும் பரவாது. காற்றில் பரவுவது காசநோய். அதற்காக மாமாவின் சளியை மருத்துவமனையில் பரிசோதித்தார்கள். காசநோய் இல்லை என்று தெரிந்த பிறகே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இதைத் தமிழில் சொல்ல வேண்டும். அங்கேதான் எனக்குச் சோதனை. ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் ‘நுரையீரல்’ என்று படித்தேன். தேசிய இடைநிலைப்பள்ளியில் அது ‘பாரு-பாரு’ ஆனது. பல்கலைக்கழகத்தில் ‘லங்ஸ்’ ஆனது. உறுப்பு ஒன்றுதான், ஆனால் அதைப் பற்றி ஆழமாக நான் கற்றதெல்லாம் பிற மொழிகளில் இருந்தது. பெருவிழுங்கி என்ற சொல்லைச் சொன்னாலும் பாட்டிக்கு விளங்காது. ஆகவே, அவருக்குத் தெரிந்த தோட்டத்துக்கே போனேன்.

“பாட்டி, நம்ம தோட்டத்துல ஸ்டோருக்கு ஜாகா இருப்பாருல்ல? உடம்புல அந்த மாதிரி ஜாகா நெஞ்சுக்குள்ள இருக்காங்க. இந்தக் கிருமி ஜாகா குடிசைக்குள்ள பூந்து ஒளிஞ்சிக்கிது. அதனால ஜாகாவால வேலை செய்ய முடியல. வெளிய சும்மா திரியிற பூஞ்சக்காளான்கூட உள்ள வந்துருது. மாமாவுக்கு மூச்சு முட்டுனது அந்தப் பூஞ்சக்காளானால. கிருமி குடிசையை விட்டு, இருமலோட எகிறி நம்ம வீட்டுக்கு வராது. அதுக்கு ரத்தத்துல ஏறி வந்துதான் பழக்கம். காத்துல பறக்கத் தெரியாது.”

பாட்டி வெற்றிலையை மடித்தபடி சிறிது நேரம் யோசித்தார். “அப்ப திருடன் ஜாகா குடிசைலதான் கெடக்கான். சோத்துத் தட்டுல இல்ல” என்றார். அன்று இரவு மாமாவுக்கு எல்லோருக்கும் போடும் தட்டிலேயே சோறு போட்டவர் பாட்டிதான். அம்மா எதுவும் சொல்லவில்லை. தனித்தட்டு மறுநாள் அலமாரியின் அடுக்கோடு சேர்ந்துவிட்டது.

எல்லாம் அதோடு சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய்யாகும். உறவினர்களுள் பலருக்கு இன்றும் செய்தி தெரியாது. “நெஞ்சுச் சளி” என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். திருமண வீடுகளில் மாமா மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு முதல் ஆளாகக் கிளம்பிவிடுகிறார். அவருடைய நுரையீரலைவிட இதுதான் ஆறுவதற்குத் தாமதமாகிறது.

மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நியூமோசிஸ்டிசுக்கு 21 நாள் சிகிச்சை. எச்.ஐ.வி.க்கு வாழ்நாள் முழுவதும் மாத்திரை. முதல்நிலை மருந்துகள் நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளில் 2006 முதல் இலவசமாக வழங்கப்படுகின்றன. ஒழுங்காக உட்கொண்டால் இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்துவிடும். அந்நிலையில் உள்ளவரிடமிருந்து உடலுறவின் வழியாகக்கூட இணையருக்குத் தொற்று பரவுவதில்லை என்பதை 2016, 2019 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த ‘பார்ட்னர்’ ஆய்வின் முடிவுகள் உறுதிப்படுத்தின. மாமாவின் சி.டி.4 எண்ணிக்கை இப்போது 260-ஐத் தாண்டிவிட்டது. இரண்டு மாடியை நிற்காமல் ஏறுகிறார்.

அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடலாமா? மாமாவே ஒரு நாள் இதை என்னிடம் கேட்டார். கூடாது. செருகப்பட்ட மரபுப் பொருள் உடலில் பல இடங்களில் உறங்கிக்கொண்டிருக்கிறது. அதில் பெரும்பகுதி டி உயிரணுக்களில் இருக்கிறது. ஆயினும், மருந்து உட்கொண்டு நலமாக இருப்பவர்களின் நுரையீரல் பெருவிழுங்கிகளிலும் எச்.ஐ.வி. இருப்பதை 2015இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. மருந்து கள்வனைக் குடிசையை விட்டு வெளியே வராமல் தடுக்கிறது, குடிசையிலிருந்து துரத்துவதில்லை. மருந்தை நிறுத்தினால் அவன் மீண்டும் எழுந்து நடமாடத் தொடங்குவான்.

துரத்தவே முடியாதா என்றால், முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ‘பெர்லின் நோயாளி’ எனப்பட்ட திமோத்தி ரே பிரவுனுக்கு இரத்தப் புற்றுநோய்க்காக 2007இல் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை நடந்தது. மச்சையைக் கொடுத்தவரின் உயிரணுக்களில் செயல்படும் சி.சி.ஆர்.5 இல்லை. இரண்டாம் சாவிக்குத் துவாரமே இல்லாத கதவு! அவருடைய உடலில் எச்.ஐ.வி. அதன்பின் தலைதூக்கவில்லை. 2020இல் புற்றுநோய் மீண்டும் வந்து அவர் இறந்தார், எச்.ஐ.வி.யால் அன்று. இது எல்லோருக்கும் செய்யக்கூடிய எளிய சிகிச்சை அன்று. ஆனால், பூட்டையும் சாவியையும் பற்றிய ஆய்வகக் கல்வி ஒரு மனிதரை விடுவித்தது என்பது உண்மை.

நம் பல்கலைக்கழகங்களில் மருத்துவம், மருந்தியல், தாதிமை, உயிரியல் படிக்கும் தமிழ் மாணவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறோம். தமிழ்மொழிக் கழகத்தில் கவிதையும் பட்டிமன்றமும் நடத்துகிறோம். அவை வேண்டும். அவற்றோடு, நாம் படிக்கும் நோய்களுள் ஒன்றையேனும் நம் வீட்டுப் பெரியவருக்கு விளங்கும்படி தமிழில் சொல்லப் பழகினால் என்ன? கலைச்சொல் கிடைத்தால் நன்று. கிடைக்காவிட்டால் ஜாகா குடிசை போதும். நம் கழகம் ஆண்டுதோறும் நடத்தும் தமிழ்ப்பள்ளி முகாமின்போது, பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோருக்கு அரைமணி நேரம் ஒதுக்கி, காசநோய், நீரிழிவு, எச்.ஐ.வி. எதையாவது பற்றிப் பேசலாம். செயலவையில் இதை முன்மொழிந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு தட்டு இடம் மாறுவதற்கு ஐந்து நிமிடப் பேச்சு போதுமாக இருந்தது. அந்த ஐந்து நிமிடத்தைப் பேச ஆளில்லாத வீடுகள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. அங்கே பேசப்போவது நாமாக இருக்கட்டும்.